பதினான்காம் எண் வீட்டின் பர்மாத் தேக்கு

யக்ஞநாராயணன் என்ற பெயரை முழுதாகவும் பிழையில்லாமலும் சொன்னவர்கள் இந்த உலகத்தில் மூன்று பேர்தான். பெயர் வைத்த தகப்பனார், கல்யாணம் செய்துவைத்த சாஸ்திரிகள், பிறகு அவரே. மற்ற எல்லோருக்கும் அவர் எக்கியம் சார். குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவர். அத்தனை வருஷமும் மண்ணுக்கு அடியில் இருப்பதையே வரைந்துகொண்டிருந்ததாலோ என்னவோ, ஓய்வு பெற்ற மறுமாதமே மண்ணுக்கு மேலே நிற்பவற்றின் மீது அவருக்கு அடக்க முடியாத ஆசை வந்துவிட்டது.

அந்த ஆசைக்கு அவர் வைத்த பெயர் பாரம்பரிய நடை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஏழெட்டுப் பேர் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக அவர் பின்னால் வருவார்கள். பல்லாவரத்துப் பழைய பங்களாக்கள், பரங்கிமலைப் படிக்கட்டுகள், தாம்பரம் ரயில்வே குடியிருப்பு என்று ஒரு வருஷத்தில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்தாகிவிட்டது. இரண்டாம் தடவை கூட்டிப்போனால், போன தடவை சொன்னதற்கும் இந்தத் தடவை சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சிலர் கண்டுபிடித்துவிடுகிறார்கள். புதிய இடம் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது.

அப்படித்தான் முடிச்சூர் பக்கம் ரங்கூன் காலனி அவர் கண்ணில் பட்டது. பர்மாவிலிருந்து அறுபதுகளில் கப்பலேறித் திரும்பிவந்த தமிழ்க் குடும்பங்களுக்கு மனை ஒதுக்கிக் கொடுத்த இடம். நான்கே தெருக்கள். எந்த வீடும் பக்கத்து வீடு மாதிரி இல்லை. எந்த வீடும் தன் மேல்மாடி மாதிரிகூட இல்லை. கீழே ஓடு, நடுவில் ஆஸ்பெஸ்டாஸ், மேலே கான்கிரீட், முகப்பில் குளியலறை டைல்ஸ் என்று ஒவ்வொரு வீடும் பல காலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டு நின்றது. எக்கியம் சாருக்கு உடம்பு சிலிர்த்தது.

அதிலும் இரண்டாம் தெரு பதினான்காம் எண் வீட்டை எதிர்ச்சாரியில் நின்று பார்த்தபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. மற்றவர்கள் அதை ஓர் ஓய்வாக எடுத்துக்கொண்டு தண்ணீர் குடித்தார்கள். பேச்சு திரும்பி வந்ததும் அவர் மூன்று விஷயங்களைச் சொன்னார். ஒன்று, அந்த வீட்டின் முன்புறக் கூரை மூன்று அடுக்காக இறங்குகிறது. இது பர்மியப் புத்த கோயில்களின் பகோடா அமைப்பு. இரண்டு, வாசலில் நிற்கும் தூண் அசல் பர்மாத் தேக்கு. மூன்று, வாசல்நிலை ஆள் உயரத்துக்குக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே வருகிறவர் தலை வணங்கித்தான் வரவேண்டும் என்ற பௌத்த மடாலய மரபின் எச்சம் அது. கூட வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இதையே அவர் கட்டுரையாக எழுதி, அந்த வட்டாரத்தில் வீடு வீடாக இலவசமாகப் போடும் வாரப் பத்திரிகைக்கு அனுப்பினார். 'கடல் கடந்து வந்த பகோடா' என்று அவர் வைத்த தலைப்பு, அச்சில் 'கடல் கடந்து வந்த பக்கோடா' என்று வெளியானது. அவருடைய மனைவி லோகநாயகி பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர்; ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அவள் அந்தப் பத்திரிகையை ஆசிரியர் அறைக்கு எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வந்தாள். எல்லோரும் பசிக்கிறது என்று சொன்னதாக அவரிடம் தெரிவித்தாள்.

"நீங்க அந்த வீட்டுக்குள்ள போனீங்களா?" என்று ஒரு கேள்வியும் கேட்டாள்.

கட்டடக் கலையை வெளியில் நின்றுதான் பார்க்க வேண்டும் என்று அவர் விளக்கினார்.

இது தை மாதம் நடந்தது. மாசி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். செவ்வாய்க்கிழமை காலை, லோகநாயகி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், அவர்கள் அடுக்ககத்தின் காவலாளி ஒரு கணவன் மனைவியை மேலே அழைத்து வந்தார். அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் நான்காக மடித்த வாரப் பத்திரிகை. அவளுக்குப் பின்னால், வருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவுசெய்யாதவர் மாதிரி, சட்டையில் பெயின்ட் கறையோடு அவள் கணவர். ரேணுகாம்பாள், துரை என்று சொல்லிக்கொண்டார்கள். பதினான்காம் எண் வீட்டுக்காரர்கள்.

எக்கியம் சார் பூரித்துப்போனார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, காப்பிக்குச் சொல்லி, கட்டுரை பிடித்திருந்ததா என்று விசாரித்தார்.

"பிடிச்சிருந்தது சார்," என்றாள் ரேணுகாம்பாள். "எங்களுக்கு இல்ல. யாரோ ஷ்யாம்சுந்தராம், அவருக்கு."

விஷயத்தை அவள் நிதானமாகச் சொன்னாள். அவர்களுக்கு ஒரே பெண், ஷர்மிளா. கேளம்பாக்கத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை. மாப்பிள்ளை அருண்ராஜுக்கு நாவலூரில் ஒரு கம்பெனியின் கேன்டீனில் வேலை. இரண்டு பேரும் நாவலூரில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஷர்மிளாவுக்கு இப்போது நான்காம் மாதம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தால், அப்படியே மாடியில் ஓர் அறை கட்டி எல்லோரும் ஒன்றாக இருந்துவிடலாம் என்று முடிவாகி, அனுமதிக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். மணலும் செங்கல்லும் வந்து இறங்கிவிட்டன. இந்த நேரத்தில் அனுமதி தரும் அலுவலகத்துக்கு ஓர் ஆட்சேபணைக் கடிதம் போயிருக்கிறது. தெற்குப் புறநகர்ப் பாரம்பரிய நண்பர்கள் என்ற அமைப்பின் செயலாளர் ஷ்யாம்சுந்தர் எழுதியது. அபூர்வமான பர்மியக் கட்டடத்தின் மேல் கான்கிரீட் அறை கட்டுவது வரலாற்றுக் கொலை என்று அதில் இருந்தது. ஆதாரமாக எக்கியம் சாரின் கட்டுரை இணைக்கப்பட்டிருந்தது. விசாரணை முடியும்வரை எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதைக் கேட்டபோது எக்கியம் சாருக்கு முதலில் தோன்றியது வருத்தம் இல்லை. தன் கட்டுரையை ஒருவர் ஆதாரமாக இணைத்திருக்கிறாரே என்ற சந்தோஷம்தான் தோன்றியது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். லோகநாயகி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"மணலு ரோட்டுல கெடக்குது சார்," என்றாள் ரேணுகாம்பாள். "தெருவுல போறவன் வர்றவன்லாம் திட்டிக்கினு போறான். பூனை வேற அதுல... அத்த வுடுங்க. நாங்க உங்களுக்கு இன்னா சார் பண்ணோம்?"

எக்கியம் சார் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தனிப்பட்ட முறையில் தனக்கு வருத்தம்தான் என்றும், ஆனால் வரலாறு என்பது நமக்கு வேண்டும்போது எழுதி வேண்டாதபோது அழிக்கிற விஷயம் இல்லை என்றும் சொன்னார். அந்தத் தேக்குத் தூணைப் பற்றி அவர் ஆரம்பித்தபோது துரை முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"எந்தத் தூணு சார்?"

"வாசல்ல இருக்கே. அசல் பர்மாத் தேக்கு."

துரை மனைவியைப் பார்த்தார். ரேணுகாம்பாள் கூரையைப் பார்த்தாள். பிறகு துரை, அவமானப்பட்டவர் போலவும் பெருமைப்பட்டவர் போலவும், மெல்லச் சொன்னார்.

"அது சிமென்ட்டு சார். நாந்தான் பெயின்ட் அட்ச்சேன். கோழி எறகால ரேகை இழுப்பேன். சீப்பும் வெச்சிக்குவேன்."

லோகநாயகி கைப்பையை எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்றாள். போகிற போக்கில், நாளைக்கு அவர் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க வருவார் என்று அவர்களிடம் உறுதியும் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த உறுதியைக் கொடுக்க அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு எக்கியம் சார் பதினான்காம் எண் வீட்டின் வாசலில் நின்றார். தூணை முதலில் விரல் முட்டியால் தட்டினார். கெட்டியாக, ஊமையாக இருந்தது. பக்கத்தில் குனிந்து பார்த்தபோது கோழி இறகின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. ஒரு முடிச்சு, ஒரு வெடிப்பு, ஒரு சுழி எல்லாம் இருந்தன. அசல் தேக்குக்கூட இவ்வளவு தேக்காக இருக்காது. அதை அவர் துரையிடம் சொன்னார். துரை காதுவரை சிவந்து, உள்ளே வாங்க சார் என்றார். உள்ளே போகக் காலை எடுத்துவைத்த எக்கியம் சாரின் நெற்றி, பௌத்த மடாலய மரபின் எச்சத்தில் மடேர் என்று இடித்தது.

"குனிஞ்சு வாங்கன்னு சொல்றதுக்குள்ள பூந்துட்டீங்க," என்றாள் ரேணுகாம்பாள். உள்ளேயிருந்து ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லோருக்கும் முதல் தடவை இடிக்கும் என்றும், அருண்ராஜ் பெண் பார்க்க வந்தபோது இரண்டு தடவை இடித்துக்கொண்டதால்தான் நல்ல பையன் என்று முடிவு செய்ததாகவும் சொன்னாள்.

நிலை ஏன் இவ்வளவு தாழ்வு என்று கேட்டார். நிலை தாழ்வு இல்லை, தரைதான் மேலே வந்தது. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அடுத்த கோடையில் உள்ளே மண் கொட்டித் தரையை ஒன்றரை அடி உயர்த்தினார்கள். கதவை அடியில் அறுத்தார்கள். நிலையைப் பெயர்த்து மேலே ஏற்றினால் சுவரும் பெயர்ந்து வந்துவிடும் என்று மேஸ்திரி பயந்தார். அதனால் அதை விட்டுவிட்டார்கள். அன்றுமுதல் எல்லோரும் தலை வணங்குகிறார்கள்.

எக்கியம் சார் நெற்றியில் ஐஸ்கட்டியோடு உட்கார்ந்து, தன் நோட்டில் மூன்றாவது விஷயத்தை அடித்தார்.

கூரையைப் பற்றி விசாரிக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. துரை கேட்காமலே சொன்னார். எண்பத்து நான்கில் அவருடைய அப்பா முன்பக்கம் ஓர் அறை எடுத்து ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டார். அது ஒழுகியது. பழைய ஷீட்டைக் கழற்றினால் உடையும் என்பதால், அதன் நுனிக்குக் கீழே கொஞ்சம் நீட்டி இன்னொரு வரிசை போட்டார்கள். தொண்ணூற்று எட்டில் அதுவும் ஒழுகியது. கீழே மூன்றாவது வரிசை. அதற்குமேல் இறக்க இடமில்லை, தெரு வந்துவிட்டது. இப்போதும் ஒழுகத்தான் செய்கிறது, ஆனால் மூன்று அடுக்குகளையும் தாண்டி வர நேரமாவதால், மழை விட்டபிறகுதான் உள்ளே சொட்டும்.

அவர் இரண்டு மணி நேரம் டேப்பும் பென்சிலுமாக அந்த வீட்டுக்குள் சுற்றினார். முப்பத்து நான்கு வருஷப் பழக்கம் கைக்குள் தானாக வந்தது. ஒரு சுவர் ஒன்பது அங்குலமாகத் தொடங்கிப் பாதியில் நாலரை அங்குலமானது. அங்கேதான் கடன் வாங்கிய பணம் தீர்ந்துபோய்ச் செங்கல் குறைந்தது என்றார் துரை. சமையலறையின் பின்சுவரில் மட்டும் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் மண்சாந்து தெரிந்தது. அறுபத்து ஏழில் கட்டிய முதல் அறையில் மிச்சம் அவ்வளவுதான். அதற்கு அப்போது கீற்றுக் கூரை. எழுபத்து ஒன்றில் தெருவே எரிந்தபோது அதுவும் எரிந்து, பிறகு ஓடு வந்தது. ஓட்டை எடுத்துவிட்டு தொண்ணூற்று எட்டில் தளம் வந்தது. ஓடுகள் வீணாகவில்லை, கொல்லையில் கோழிக்கூண்டுக்கு ஆயின. துரை ஒவ்வொன்றையும் கையால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். எக்கியம் சார் ஒவ்வொன்றையும் அளந்தார். தான் எதிர்ச்சாரியில் நின்று சொன்ன கதையைவிட இது எவ்வளவோ மேலான கதை என்பது அவருக்குப் புரியத் தொடங்கியபோது, முகத்தில் லேசாகச் சூடு ஏறியது. அது நெற்றி வீக்கத்தால் இல்லை.

மத்தியானம் ரேணுகாம்பாள் அவருக்கு அத்தோ பிசைந்து கொடுத்தாள். பர்மாக்காரர்கள் இங்கே கொண்டுவந்த நூடுல்ஸ் அது. முட்டையும் இறால் பொடியும் போடாமல், அவருக்கென்று தனிப் பாத்திரத்தில், வறுத்த வெங்காயமும் புளிக்கரைசலும் விட்டு. கூடவே வாழைத்தண்டு சூப். அவள் மாமியார் செல்லம்மாவிடம் கற்றுக்கொண்டதாம். எக்கியம் சார் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டதும் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனார்.

அங்கேதான் அந்தக் கதவு இருந்தது.

குளியலறைக் கதவு. வெளிப்பக்கம் பச்சைப் பெயின்ட், அடியில் தகரத்தைச் சுற்றி ஆணி அடித்திருந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டவர், திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். உட்பக்கத்தில் பெயின்ட் இல்லை. ஐந்து பலகைகளைச் சேர்த்து அடித்த கதவு. பலகைகள் தேன் நிறத்தில், எத்தனையோ வருஷத் தண்ணீரைக் குடித்தும் ஒரு பூச்சி அரிப்பில்லாமல், நேராக நின்றன. நடுப் பலகையில் தகட்டை வைத்துக் கறுப்பு மை தேய்த்த வட்ட வட்டமான பர்மிய எழுத்துகள். அவற்றின் கீழே தலைகீழாக, பாதி அழிந்த ஆங்கிலத்தில் அங்கமுத்து, மதராஸ் என்று இருந்தது. தலையைச் சாய்த்துப் படித்தார். விரல் முட்டியால் தட்டினார். மணி மாதிரி கேட்டது.

அவர் வெளியே வரக் கால் மணி நேரமானது. அத்தோ ஒத்துக்கொள்ளவில்லையோ என்று துரையும் ரேணுகாம்பாளும் கவலையோடு வாசலில் நின்றார்கள்.

"துரை, இந்தக் கதவு ஏது?" என்றார்.

அது துரையின் அப்பா அங்கமுத்துவின் பெட்டி. ரங்கூனில் தையல்கடை வைத்திருந்தார். ஊரைவிட்டுப் போ என்று ஆனபோது, தையல் மெஷினை மட்டுமாவது கொண்டுபோகலாம் என்று நல்ல தேக்கில் பெட்டி செய்து உள்ளே வைத்து ஆணி அடித்தார். துறைமுகத்தில் திறந்து பார்த்து மெஷினைப் பிடித்துக்கொண்டார்கள். காலிப்பெட்டிக்கு யாரும் தடை சொல்லவில்லை. அதற்குள் ஒரு போர்வையையும் மூன்று வயது மகளையும் உட்காரவைத்து அவர் கப்பலேறினார். இங்கே வந்து மனை கிடைத்து, வீட்டுக்குக் கதவு வாங்க வழியில்லாதபோது, பெட்டியைப் பிரித்துக் கதவாக்கினார். முதலில் அது வாசல் கதவாக இருந்தது. பிறகு நல்ல கதவு வாங்க முடிந்ததும் சமையலறைக்குப் போனது. பிறகு கொல்லைக்கு.

எக்கியம் சார் கொல்லையில் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வாசலில் சிமென்ட்டுத் தூணைப் புகழ்ந்து அரைப்பக்கம் எழுதியவர் அவர். அசல் பர்மாத் தேக்கு இந்த வீட்டில் அத்தனை நாளும் வாளிக்கும் சோப்புக்கும் காவலாக நின்றிருக்கிறது. இதை எழுதியாக வேண்டும் என்று அவர் கை துடித்தது.

அதை ரேணுகாம்பாள் பார்த்துவிட்டாள். "சார், உங்க மொகத்தப் பாத்தாலே பேஜாரா கீது. இத்த எழுதிப் போட்டீங்கன்னா ரூமு கட்டவே வுட மாட்டாங்க. எழுதுங்க, வேணான்னு சொல்லல. ரூமு கட்டனதும் எழுதுங்க."

அவர் சரி என்றார். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. விசாரணையில் போய்த் தான் எழுதியது தவறு என்று சொல்லத் தயாராக இருந்தார். அது கசந்தாலும் நியாயம். ஆனால் அந்த வீட்டில் பர்மாவிலிருந்து வந்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால்? இல்லை என்றால் பொய். இருக்கிறது என்றால் அறை போச்சு. இரவுச் சாப்பாட்டின்போது லோகநாயகியிடம் இதைச் சொல்லி, ஒரு மனுஷன் என்னதான் செய்வது என்று கேட்டார்.

"தெரியாததை அவ்வளவு தைரியமா எழுதினீங்க," என்றாள் அவள், மோர் ஊற்றிக்கொண்டே. "தெரிஞ்சதைச் சொல்ல என்ன பயம்?"

அடுத்த நான்கு நாட்கள் அவர் மேஜையைவிட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் பெரிய தாளில் வரைந்தார். அறுபத்து ஏழின் மண்சாந்துச் சுவருக்கு ஒரு நிறம், எழுபத்து ஒன்றின் ஓட்டுக்கு ஒரு நிறம், எண்பத்து நான்கின் முன்னறைக்கு, தொண்ணூற்று எட்டின் தளத்துக்கும் மாடிப்படிக்கும், வெள்ளத்துக்குப் பின் உயர்ந்த தரைக்கு என்று தனித்தனி நிறம். எல்லாவற்றுக்கும் மேலே, ஷர்மிளாவின் அறையைப் புள்ளிக்கோட்டில் போட்டார். ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் வருஷத்தைத் தன் அழகான எழுத்தில் எழுதினார். இந்த வீடு எப்போதும் கட்டப்பட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது, நிறுத்தினால்தான் அது அதன் வரலாற்றுக்கு விரோதம் என்பது அவருடைய வாதம். வரைந்து முடித்ததும் தள்ளி நின்று பார்த்தார். அவர் வாழ்நாளில் வரைந்ததிலேயே சிறந்தது அதுதான் என்று அவருக்கே தெரிந்தது.

விசாரணை ஒரு வியாழக்கிழமை நடந்தது. கிறிஸ்டி என்ற பெண் பொறியாளர், மேஜை நிறையக் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார். ஷ்யாம்சுந்தர் வந்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், மரியாதையான பிள்ளை. எக்கியம் சாரைப் பார்த்ததும் எழுந்து நின்று, உங்கள் கட்டுரையை நான்கு தடவை படித்தேன் சார் என்றார். எக்கியம் சாருக்கு அதற்குப் பிறகு பேசுவது இன்னும் கடினமாகிவிட்டது.

ஆனாலும் பேசினார். தூண் சிமென்ட் என்றார். கூரை மூன்று ஒழுகல் என்றார். நிலையைப் பற்றிச் சொல்லும்போது தன் நெற்றியைக் காட்டினார். அங்கே இன்னும் மஞ்சளாக ஒரு தடம் இருந்தது. தான் அந்த வீட்டுக்குள் போகாமலே எழுதியதாகவும், அது தன் தவறு என்றும் எழுத்தில் கொடுத்தார். ஷ்யாம்சுந்தரின் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி வாடிவிட்டது.

"அப்ப பர்மாலேந்து வந்தது அந்த வீட்ல எதுவுமே இல்லையா?" என்று கிறிஸ்டி கேட்டார்.

எக்கியம் சார் வாயைத் திறந்தார். மூடினார். துரை தரையைப் பார்த்தார்.

"கீது மேடம்," என்றாள் ரேணுகாம்பாள். "பாத்ரூம் கதவு. எங்க மாமனாரு பொட்டிய பிரிச்சு செஞ்சது. இந்த சாரு அத்த சொல்லக்கூடாதுன்னு ஒரு வாரமா தூங்காம கெடக்கறாரு, அவரு மொகத்தப் பாருங்க. வேணும்னா கதவக் கழட்டி எடுத்துக்கினு போயி பத்திரமா வெச்சிக்கங்க. ஆனா கொழந்த பொறக்கறதுக்குள்ள வேற கதவு போட்டுக் குடுத்துடணும். மாப்பிள்ள வந்து இருக்கப்போற வூடு."

கிறிஸ்டி கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார். ஷ்யாம்சுந்தர் மெல்ல, அந்தக் கதவைத் தான் ஒருமுறை வந்து பார்க்கலாமா, ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். குனிந்து வா என்றாள் ரேணுகாம்பாள். எல்லாம் சுமுகமாக முடிந்தது போலத்தான் இருந்தது. அந்த நேரத்தில்தான் எக்கியம் சார் தன் வரைபடத்தைச் சுருள் பிரித்து மேஜையில் விரித்தார்.

கிறிஸ்டி அதை வெகுநேரம் பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார். இந்த அலுவலகத்துக்கு இவ்வளவு சுத்தமான வரைபடம் வந்து தான் பார்த்ததில்லை என்றார். எக்கியம் சார் அடக்கமாகத் தலையசைத்தார். கிறிஸ்டி பேனாவை எடுத்து, எண்பத்து நான்கு என்ற எண்ணின் மேல் வைத்தார். பிறகு தொண்ணூற்று எட்டின் மேல் வைத்தார்.

"இந்த ரெண்டுக்கும் அனுமதி வாங்கின பேப்பர் எங்க?"



துரை தரையைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. ரேணுகாம்பாள் எக்கியம் சாரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் பார்வையில் இருந்தது ஒருவிதப் பரிதாபம். இந்த மனுஷனுக்கு எது சொன்னாலும் அதிலிருந்து ஒரு வில்லங்கம் கிளம்புகிறதே என்ற பரிதாபம்.

கிறிஸ்டி கெட்டவர் இல்லை. பழைய பகுதிகளை முறைப்படுத்த ஒரு விண்ணப்பம் போட வேண்டும், அதற்கு வரைபடங்கள் ஆறு பிரதிகள் வேண்டும், அது முடிந்ததும் மேல் அறைக்கு அனுமதி தருகிறேன் என்றார். எத்தனை நாளாகும் என்று ரேணுகாம்பாள் கேட்டாள். வரைபடம் ஒழுங்காக இருந்தால் இரண்டு மாதம் என்று பதில் வந்தது. எல்லோரும் எக்கியம் சாரைப் பார்த்தார்கள்.

அவர் ஆறு பிரதிகளையும் வரைந்தார். அலுவலகத்துக்கு ஒன்பது தடவை போனார். வரிசையில் நின்றார். ஒரு தடவை அவருடைய பெயரை மூன்று விதமாகத் தப்பாக எழுதித் திருப்பி அனுப்பினார்கள். திருத்தி எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு தடவையும் திரும்பும் வழியில் ரங்கூன் காலனிக்குப் போய் நிலவரம் சொல்வார். ரேணுகாம்பாள் சூப் கொடுப்பாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் குனியக் கற்றுக்கொண்டார். நடுவில் ஒரு நாள் ஷ்யாம்சுந்தர் வந்து கதவைப் பார்த்தார். உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அவரும் கால் மணி நேரம் வெளியே வரவில்லை. கோழிக்கூண்டுப் பக்கம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் துரை பார்த்ததாகச் சொன்னார். ஷ்யாம்சுந்தரின் தாத்தாவும் எங்கிருந்தோ ஒன்றுமில்லாமல் வந்தவராம், எங்கிருந்து என்று வீட்டில் யாருக்கும் தெரியாதாம்.

வைகாசியில் அனுமதி வந்தது. ஆடி முடிவதற்குள் சுவர் எழும்பியது. தளம் போடக் குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்பாகவே குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போன லோகநாயகி, இந்த வீட்டில் அனுமதி வாங்காமல் வந்தது இன்னொன்று என்றாள். ஷர்மிளா தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீங்க டீச்சர் என்றாள்.

தளம் போட்ட அன்று எக்கியம் சார் காலை ஐந்தரைக்கே வந்துவிட்டார். கலவை இயந்திரத்தின் சத்தத்துக்கு நடுவில் நின்று கம்பிகளை எண்ணிப் பார்த்தார். மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. துரைதான், அவர் எண்ணட்டும், அவருக்கு எண்ணினால்தான் நிம்மதி என்று சமாதானம் செய்தார். மத்தியானம் எல்லோருக்கும் பிரியாணி. அவருக்கு மட்டும் தனிப் பாத்திரம். சாப்பிட்டபின் ரேணுகாம்பாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இப்போது எழுதிக்கொள்ளுங்கள் சார் என்றாள். அவர் யோசித்தார். வந்த முதல் நாளிலிருந்து எழுதத் துடித்த கதைதான். ஆனால் இப்போது அதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கதவிலிருந்தா, மெஷினிலிருந்தா, பெட்டிக்குள் உட்கார்ந்து வந்த மூன்று வயதுப் பெண்ணிலிருந்தா? அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்றுகூட அவர் கேட்டதில்லை. கேட்டார். சிங்கப்பெருமாள் கோவிலில், பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள் என்று பதில் வந்தது. அப்படியானால் அவர்களைப் பார்த்துப் பேசிவிட்டு எழுதுகிறேன் என்றார் எக்கியம் சார். அவசரமில்லாமல் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நடைகள் நின்றுபோயின. அதற்கு நேரமில்லை. இரண்டாம் தெருவில் விஷயம் பரவிவிட்டது. பதினான்காம் எண் வீட்டுக்குப் பழையதையெல்லாம் முறைப்படுத்திக் கொடுத்த சார் ஒருவர் இருக்கிறாராம், ஒரு சூப் கொடுத்தால் போதுமாம். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அவர் தெருமுனையில் வந்து நிற்பதற்குள் வீட்டுக்காரர்கள் வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். இங்கே அளங்க சார், அங்கே அளங்க சார் என்றார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று எதுவாகவோ இருந்து எதுவாகவோ மாறியிருந்தது. அவர் நோட்டு நிறைந்து இரண்டாவது நோட்டு வாங்கினார்.

போன வாரம் பதினேழாம் எண் வீட்டு அங்காளம்மாள் அவருக்காக வாசலில் காத்திருந்தாள். டேப்பின் ஒரு நுனியை அவளே பிடித்துக்கொண்டு, மூன்று அறைகளையும் சுறுசுறுப்பாக அளந்து கொடுத்தாள். முன்பக்கத்துக்கு வந்ததும் டேப்பை விட்டுவிட்டாள்.

"இந்த கக்கூஸ் மட்டும் கொஞ்சம் ரோட்டுல வந்துகினு கீது சார். அத்த மட்டும் வரைய வேணாம்."

எவ்வளவு வந்திருக்கிறது என்று அவர் கேட்டார். ஒரு சாண் என்றாள். அவர் அளந்தார். நாலடி இருந்தது. எக்கியம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டு, பென்சிலைக் கூராக்கியபடி, அது எந்த வருஷம் கட்டியது என்று கேட்டார்.